பேட்டரியைத் தின்பது ரேடியோ மட்டுமல்ல: திறந்த மூலச் சென்சார் போர்டுகளில் கவனிக்க வேண்டியவை

வீட்டுத் தானியக்கத்திற்கான கம்பியில்லாச் சென்சார்களைத் தாமே உருவாக்குவோருக்கு இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. இத்தகைய சாதனங்களுக்கான செஃபிர், ரயட், ஓபன்திரெட், இஎஸ்பிஹோம் ஆகிய மென்பொருள்களின் மூலநிரல் முழுவதும் கையில் கிடைக்கிறது. பல போர்டுகளின் சுற்று வரைபடத்தையும் பதிவிறக்கிப் பார்க்க முடிகிறது. ஆனால் "குறைந்த மின்சாரத்தில் இயங்குவது" என்று ஒரு போர்டின் அறிமுகத்தில் எழுதப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் அதிலுள்ள சிப்பைப் பற்றிய கூற்றே தவிர, கதவிலோ சுவரிலோ நாம் பொருத்தப்போகும் முழுச் சாதனத்தைப் பற்றியது அல்ல. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளாதவர்கள், பேட்டரி சில வாரங்களில் தீர்ந்துபோகும்போது ரேடியோவைக் குறை சொல்லத் தொடங்குகிறார்கள்.

கணக்கு எளிமையானது. சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. ஆகவே அந்தப் பேட்டரி ஓராண்டு தாங்க வேண்டுமானால், சாதனத்தின் சராசரி மின்னோட்டம் 25 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. என்ஆர்எஃப்52840 போன்ற, ரேடியோவும் உள்ளடங்கிய சிப், கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டுத் தூங்கும்போது ஓரிரு மைக்ரோ ஆம்பியரோடு நின்றுவிடும். புளூடூத் லோ எனர்ஜியில் ஒரு செய்தியை அனுப்ப 5 மில்லி ஆம்பியர் வீதம் 5 மில்லி விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும் சென்சாரில் அதன் பங்கு சராசரியாக அரை மைக்ரோ ஆம்பியரைக்கூட எட்டாது. அப்படியானால் மீதி எங்கே போகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். காந்தம் அருகில் இருக்கும்போது மூடிக்கொள்ளும் ரீட் ஸ்விட்ச் ஒன்றும், ஸ்விட்ச் திறந்திருக்கும்போது சிப்பின் உள்ளீட்டை 3 வோல்ட்டில் நிறுத்திவைக்கும் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் ஒன்றும் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது ஸ்விட்சும் மூடியிருப்பதால், அந்த ரெசிஸ்டர் வழியே 300 மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கும். வீட்டுக் கதவு நாளின் பெரும்பகுதி மூடியே இருக்கும். சிப் எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும், இந்த ஒரு ரெசிஸ்டரே பேட்டரியை ஏறத்தாழ 30 நாளில் காலி செய்துவிடும். வெளியே ரெசிஸ்டர் வைக்காமல் சிப்பின் உள் புல்-அப்பைப் பயன்படுத்தினாலும் நிலைமை பெரிதாக மாறாது. மேற்சொன்ன சிப்பில் அதன் மதிப்பு ஏறத்தாழ 13 கிலோ ஓம்தான். 1 மெகா ஓமுக்கு மாற்றினால் இழப்பு 3 மைக்ரோ ஆம்பியராகக் குறையும். ஆனால் அவ்வளவு உயர்ந்த மதிப்பில் நீண்ட கம்பி இரைச்சலைப் பிடிக்கும், ஈரப்பதத்தால் போர்டின் மேற்பரப்பில் கசிவும் ஏற்படலாம் என்பதால், கம்பியைக் குட்டையாக வைத்து, உள்ளீட்டில் சில நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

பேட்டரி மின்னழுத்தத்தை அளக்க வைக்கும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இதே போல 150 மைக்ரோ ஆம்பியரை விழுங்குகின்றன. பல சிப்கள் தம் மின்னழுத்தத்தைத் தாமே அளந்துகொள்ளும் என்பதால், அவை தேவையே இல்லாமல் இருக்கலாம். டெவலப்மென்ட் போர்டுகளில் அணையாத எல்.இ.டி., தூங்கத் தெரியாத யூஎஸ்பி சிப், மின்னழுத்தத்தைச் சீராக்கும் வேலைக்குத் தன் பங்குக்குச் சில மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஃபர்ம்வேரில், அதாவது சிப்பில் ஓடும் நிரலில், சோதனைக்காகத் திறந்துவைத்த சீரியல் போர்ட்டை மூட மறந்தால், அதுமட்டுமே நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆம்பியரைக் கொண்டுபோகும்.

திறந்த மூலத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மூடிய சாதனத்தில் இந்த ரெசிஸ்டரை நாம் பார்க்கவே முடியாது. திறந்த வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்து, மதிப்பை மாற்றி, அடுத்தவருக்கும் திருத்தத்தைக் கொடுக்க முடியும். ஆகவே போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது, வசதிகளின் பட்டியலைப் படிப்பதற்கு முன் சுற்று வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நிரல் மட்டும் திறந்திருந்து வரைபடம் மூடியிருந்தால், மின்சாரக் கணக்கைப் பொறுத்தவரை அது பாதி திறந்த தளமே.

அளவிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்தால், தூக்க மின்னோட்டம் சரியாகத் தெரியும். ஆனால் ரேடியோ விழிக்கும் கணத்தில் மீட்டரின் உள் மின்தடையில் மின்னழுத்தம் விழுந்து, சிப் மறுதொடக்கம் ஆகிவிடலாம். நானோ ஆம்பியரிலிருந்து ஆம்பியர் வரை தானாக எல்லை மாறும் பவர் புரொஃபைலர் கருவியை வாங்குவது, பேட்டரிச் சாதனம் செய்பவருக்கு வீண் செலவு அல்ல.

வைஃபை பற்றியும் சொல்லியாக வேண்டும். இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் விழித்து, ரௌட்டருடன் இணைந்து, ஒரு செய்தியை அனுப்ப 100 மில்லி ஆம்பியர் வீதம் 2 விநாடி எடுத்தால், 5 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும் சாதனத்தின் சராசரி 660 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டும். மின்செருகியில் இருக்கும் சாதனங்களுக்கு வைஃபை மிகப் பொருத்தம். பொத்தான் பேட்டரிக்கு அது பொருந்தாது. திரெட், ஜிக்பீ ஆகிய குறைந்த மின்சார வலையமைப்புகளில் தூங்கும் சாதனம், தன் செய்திகளைக் கடத்தித் தரும் ஒரு தாய்ச் சாதனத்தைச் சார்ந்திருக்கிறது. யாரோ அந்தத் தாய்ச் சாதனத்தின் ஸ்விட்சை அணைத்துவிட்டால், பேட்டரிச் சென்சார் விடாமல் வலையமைப்பைத் தேடிக்கொண்டிருக்கும். தேடலின் இடைவெளி ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நீள்கிறதா என்பதைச் சோதிக்காமல் எந்தச் சென்சாரையும் பயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

பாதுகாப்பிலும் திறந்த நிரலுக்கே உரிய ஒரு கவலை இருக்கிறது. மாதிரி நிரல்களில் உள்ள குறியாக்கச் சாவிகள் உலகத்துக்கே தெரிந்தவை. ஓபன்திரெட் மாதிரிகளில் 00112233 என்று தொடங்கும் வலையமைப்புச் சாவி அப்படிப்பட்டது. அதை மாற்றாமல் விட்டால், கதவு எப்போது திறக்கிறது, வீட்டில் எப்போது ஆளில்லை என்பதை அருகிலிருந்தே ஒருவர் கேட்டறிய முடியும். புளூடூத் சென்சார் செய்திகளுக்கான பிடிஹோம் வடிவில் குறியாக்கம் செய்து அனுப்புவோர், ஒவ்வொரு செய்திக்கும் கூடிக்கொண்டே போகும் செய்தி எண்ணியை ஃபிளாஷ் நினைவகத்தில் அவ்வப்போது சேமிக்க வேண்டும். இல்லையேல் பேட்டரி மாற்றியதும் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பி, பழைய செய்தியைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்புவதற்கு எதிரான காப்பு பலவீனமாகிறது.

கடைசியாக, பெட்டியின் வடிவம். பகிரப்படும் முப்பரிமாண அச்சுக் கோப்புகளில் பல, விரலால் அழுத்தினாலே திறக்கும் மூடியைக் கொண்டிருக்கின்றன. குழந்தை விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி வைத்த வடிவமைப்பையே வெளியிடுங்கள். அது இல்லாத கோப்பைப் பயன்படுத்தினால், திருத்தி மீண்டும் பகிருங்கள்.