டெக்ஸஸ் ஹைஸ்கூல்ல படிச்சுட்டே காலேஜ் அல்ஜீப்ரா கிரெடிட்: யாருக்கு ஃப்ரீ, யாருக்கு தேவை, யாருக்கு தேவையில்ல

டெக்ஸஸ்ல ஹைஸ்கூல் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் அடுத்த வருஷத்துக்கான கோர்ஸ் செலக்‌ஷன் ஃபார்ம் வரும், அதுல காலேஜ் அல்ஜீப்ரா, டூயல் கிரெடிட்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். நம்மள்ல பாதி பேர் ஊர்ல பிளஸ் டூ முடிச்சு, மார்க் ஷீட்டோட காலேஜ் வாசல்ல நின்னவங்க, ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் பாடம் படிச்சு கிரெடிட் வாங்கலாம்ங்கிறதே நமக்கு புதுசு. அதனால ஒண்ணு பயந்து விட்டுடறோம், இல்ல பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான்னு நாமளும் டிக் பண்ணி அனுப்பிடறோம். ரெண்டுமே வேண்டாம். இது என்னன்னு முழுசா தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

விஷயம் சிம்பிள். உங்க பிள்ளை ஒரே ஒரு கிளாஸ் படிக்கும், அதுக்கு ஹைஸ்கூல் மேத் கிரெடிட் போடும், கூடவே பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி காலேஜும் (அந்த ஏரியாவோட உள்ளூர் அரசு காலேஜ்) 3 செமஸ்டர் அவர் (காலேஜ்ல பாடத்தை எண்ற அளவு) கிரெடிட் போடும். ஃப்ரிஸ்கோ, பிளானோ பக்கம்னா காலின் காலேஜ், இர்விங்னா டல்லஸ் காலேஜ், ஆஸ்டின் பக்கம் ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ், இப்படி ஏரியாவைப் பொறுத்து மாறும். பாடம் நடத்துறவர் சில சமயம் உங்க ஸ்கூல் டீச்சராவே இருப்பார், காலேஜ் அவருக்கு தகுதி இருக்கான்னு பார்த்து ஒப்புதல் குடுத்திருக்கும், சில இடத்துல காலேஜ் புரொஃபசரே வருவார், இல்லன்னா ஆன்லைன். யார் நடத்தினாலும் சிலபஸ் காலேஜோடது, மார்க்கும் காலேஜ் கணக்குதான்.

டெக்ஸஸ் அரசு காலேஜ்கள்ல பெரும்பாலும் இந்த கோர்ஸோட நம்பர் மேத் 1314. ஸ்டேட் முழுக்க பொதுவா வச்சிருக்கிற நம்பர் இது, அதனால ஹூஸ்டன்ல எடுத்தாலும் எல் பாசோல எடுத்தாலும் ஒரே கோர்ஸ்னு எடுத்துப்பாங்க. அரசு யுனிவர்சிட்டில எந்த டிகிரி படிச்சாலும் 42 அவர் பொதுப் பாடம் முடிக்கணும், அதுல மேத்துக்கு 3 அவர் இருக்கு, அந்த இடத்தை இந்த ஒரு கோர்ஸ் அடைச்சிடும்.

இப்ப காசு. இதுதான் நிறைய பேருக்கு தெரியாம போயிடுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 2023ல டெக்ஸஸ் சட்டசபை ஹவுஸ் பில் 8னு ஒரு சட்டம் போட்டுச்சு, கம்யூனிட்டி காலேஜுக்கு ஸ்டேட் பணம் குடுக்கிற முறையையே மாத்தின சட்டம் அது. அதுக்குள்ள ஃபாஸ்ட்னு ஒரு திட்டம் இருக்கு. ஸ்கூல்ல ஃப்ரீ லஞ்ச், இல்ல குறைஞ்ச விலை லஞ்சுக்கு தகுதி உள்ள பிள்ளைங்க, இந்தத் திட்டத்துல சேர்ந்திருக்கிற காலேஜ்ல டூயல் கிரெடிட் எடுத்தா டியூஷன் ஃபீஸ் ஒரு பைசா கட்ட வேண்டாம், அந்தப் பணத்தை ஸ்டேட் நேரா காலேஜுக்கு குடுத்துடும். 2023 ஃபால் செமஸ்டர்லேர்ந்து நடைமுறைல இருக்கு.

இதுல முக்கியமான பாயிண்ட், இந்த வருஷம்தான் தகுதி இருக்கணும்னு இல்ல. கோர்ஸ் எடுக்கிற வருஷத்துக்கு முந்தின நாலு ஸ்கூல் வருஷத்துல ஏதாவது ஒரு வருஷம் தகுதி இருந்திருந்தாலே போதும். நம்ம ஆளுங்க எல்லாருமே பெரிய ஐடி கம்பெனி சம்பளத்துல இல்லையே, கேஸ் ஸ்டேஷன்ல நிக்கிறவங்க இருக்காங்க, ரெஸ்டாரன்ட் கிச்சன்ல இருக்கிறவங்க இருக்காங்க, ஒரு வருஷம் முழுக்க லேஆஃப்ல வீட்ல உக்காந்து அப்புறம் வேலை கிடைச்சவங்க இருக்காங்க. பையன் எட்டாவது படிக்கும்போது வேலை போயி ஃப்ரீ லஞ்ச் ஃபார்ம் போட்டீங்க, அப்ரூவ் ஆச்சுன்னா, அவன் பதினொண்ணாவதுல எடுக்கிற காலேஜ் அல்ஜீப்ராவுக்கு அது இன்னிக்கும் செல்லும். குடும்ப வருமானம் ஃபெடரல் வறுமைக் கோட்டுக்கு 185 சதவீதம் வரைக்கும் இருந்தா குறைஞ்ச விலை லஞ்ச் தகுதி வரும், 130 சதவீதத்துக்குள்ளன்னா முழு ஃப்ரீ. வெக்கப்பட்டுக்கிட்டு அந்த லஞ்ச் ஃபார்மை நிரப்பாம விடாதீங்க ப்ளீஸ், சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல, அது காலேஜ் ஃபீஸுக்கும் சாவி. சில ஸ்கூல்ல எல்லாருக்குமே ஃப்ரீ லஞ்ச், ஃபார்மே கிடையாது, அப்படிப்பட்ட ஸ்கூல்னா உங்க பிள்ளையோட தகுதி ரெக்கார்டுல எப்படி ஏறியிருக்குன்னு கவுன்சலரை நேரா கேளுங்க.

ஃபாஸ்ட் தகுதி இல்லாதவங்களுக்கும் ரொம்ப காசு ஆகாது, பல காலேஜ் அந்த ஏரியா ஸ்கூல் பிள்ளைங்களுக்கு டியூஷனை குறைச்சோ தள்ளுபடி பண்ணியோதான் குடுக்குது, சில டிஸ்ட்ரிக்ட் தானே கட்டிடுது. ஆனா புக்கையும் ஹோம்வொர்க் சாஃப்ட்வேர் ஆக்ஸஸ் கோடையும் யார் தலைல கட்டறாங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க, கணக்குப் பாடத்துல புக்கை விட அந்த கோட்தான் கையைக் கடிக்கும். ஃபெடரல் பெல் கிராண்ட்லாம் ஹைஸ்கூல் முடிக்காத பிள்ளைக்கு வராது, அதை நம்பி இருக்காதீங்க.

சேரணும்னா முதல்ல காலேஜ் லெவல் மேத் படிக்க ரெடின்னு காமிக்கணும். அதுக்குத்தான் டிஎஸ்ஐ டெஸ்ட், 2021 ஜனவரிலேர்ந்து புது வெர்ஷன் ஓடுது. மேத்ல முதல்ல 20 கேள்வி, 950 வாங்கினா பாஸ். வாங்கலன்னா கம்ப்யூட்டர் அப்படியே டயக்னாஸ்டிக்னு இன்னொரு 48 கேள்விக்கு கொண்டு போகும். இங்கதான் பிள்ளைங்க மனசு விட்டுடறாங்க, ஃபெயிலாயிட்டோம்னு நெனச்சு மிச்சத்தை கண்ண மூடிட்டு கிளிக் பண்ணிட்டு எந்திரிச்சு வந்துடறாங்க. அந்த டயக்னாஸ்டிக்ல லெவல் 6 வந்தாலும் பாஸ்தான்! டெஸ்டுக்கு டைம் லிமிட்டும் கிடையாது, பேப்பர்ல போட்டுப் பார்த்து நிதானமா பண்ணலாம். சொந்த கால்குலேட்டர் கொண்டு போகக் கூடாது, தேவைப்படுற கேள்விக்கு ஸ்க்ரீன்லயே ஒண்ணு வரும். இதை மட்டும் பிள்ளைகிட்ட முதல் நாள் ராத்திரி உக்கார வச்சு சொல்லிடுங்க. காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற எஸ்ஏடி மேத்ல 530, இல்ல ஏசிடி மேத்ல 22 ஏற்கனவே இருந்தா இந்த டெஸ்டே வேண்டாம், எஸ்ஏடிக்கு முன்னாடி எழுதுற பிஎஸ்ஏடி மேத்ல 510 இருந்தாலும் டூயல் கிரெடிட்டுக்கு விடுவாங்க.

அப்புறம் அப்ளிகேஷன், நிறைய காலேஜுக்கு அப்ளை டெக்ஸஸ் சைட்லதான் போடணும். கிளாஸ் காலேஜ் கேம்பஸ்ல நடக்குதுன்னா மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ரெக்கார்ட் கேப்பாங்க, கிளாஸ் ஆரம்பிக்க 10 நாளுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். உங்க ஹைஸ்கூல் பில்டிங்லயே நடக்கிற கிளாஸ்னா அது தேவையில்ல.

இனிமே சொல்றதுதான் இதுல ரொம்ப முக்கியம். இந்த கோர்ஸ் உங்க பிள்ளைக்கு தேவையா?

கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆகுறது வேற, அது டிகிரிக்கு கணக்குல சேர்றது வேற. மேத் 1314 டெக்ஸஸ் அரசு யுனிவர்சிட்டி எல்லாத்துலயும் செல்லும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி டிகிரிங்க கால்குலஸ்லதான் ஆரம்பிக்குது, அங்க போற பிள்ளைக்கு இந்த 3 அவர் டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது மார்க் ரெக்கார்டுல, சும்மா உக்காந்திருக்கும், ஒரு செமஸ்டர் கூட குறையாது. யூடி ஆஸ்டினையே எடுத்துக்குங்க, இந்த கோர்ஸ் அங்க எம் 301னு மாறி ஏறும், ஆனா அங்க சயின்ஸ் பிரிவான நேச்சுரல் சயின்சஸ் காலேஜ் அதை டிகிரிக்கு எண்ணாது. உங்க பொண்ணு பதினொண்ணாவதுல ப்ரீகால்குலஸ், பன்னெண்டாவதுல ஏபி கால்குலஸ் (ஸ்கூல்லயே நடத்துற காலேஜ் லெவல் கால்குலஸ்)னு போற ரூட்ல இருக்கான்னா அதை விட்டு இதுக்கு இறக்காதீங்க, அது பின்னாடி போற வேலை.

பிசினஸ் படிக்கப் போற பிள்ளைக்கு மேத் 1324னு தனியா ஒண்ணு இருக்கு. நர்சிங், சைக்காலஜி மாதிரி போறவங்களுக்கு பெரும்பாலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் கேப்பாங்க, மேத் 1342. அப்ப காலேஜ் அல்ஜீப்ரா யாருக்குன்னு கேட்டா, அல்ஜீப்ரா 2 நல்லா முடிச்சு, நேரா கால்குலஸ் போகாத பிள்ளைக்கு, இல்ல பின்னாடி ப்ரீகால்குலஸ் எடுக்க அடித்தளம் வேணுங்கிற பிள்ளைக்கு, இல்ல என்ன மேஜர்னே இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு. ஃபார்மை அனுப்பறதுக்கு முன்னாடி, பிள்ளை போக ஆசைப்படுற ரெண்டு மூணு யுனிவர்சிட்டியோட டிகிரி ப்ளான்ல முதல் வருஷ மேத் என்னன்னு ஒரு தடவை பாத்துடுங்க, அரை மணி நேர வேலை. பிரைவேட் யுனிவர்சிட்டி, வெளி ஸ்டேட் யுனிவர்சிட்டி எல்லாம் அவங்கவங்க ரூல், ஹைஸ்கூல் முடிக்க யூஸ் பண்ணின கிரெடிட்டை நாங்க எடுத்துக்க மாட்டோம்னு சொல்ற இடங்களும் இருக்கு.

பாடம் எவ்வளவு கஷ்டம்? தலைப்பெல்லாம் பாதி ஏற்கனவே பாத்ததுதான், பாலினோமியல், ரேஷனல் ஃபங்ஷன், எக்ஸ்போனென்ஷியல், லாக், மேட்ரிக்ஸ் வச்சு சமன்பாடு தீர்க்கிறது. வேகமும் கண்டிப்பும்தான் வேற. ஒரு உதாரணம் பாருங்க. பேஸ் 2ல லாக் (எக்ஸ்), லாக் (எக்ஸ் மைனஸ் 2) ரெண்டையும் கூட்டினா 3 வருது, எக்ஸ் என்னன்னு கேள்வி. பெருக்கி எழுதினா எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 2 எக்ஸ் சமம் 8, விடை 4, மைனஸ் 2. மைனஸ் நம்பருக்கு லாக் கிடையாது, அதனால 4 மட்டும்தான் சரி. ரெண்டையும் எழுதி வச்சா ஹைஸ்கூல்ல பாதி மார்க் போட்டு, அடுத்த வாரம் ரீடெஸ்ட் எழுதுன்னு விடுவாங்க, காலேஜ் கிளாஸ்ல ரீடெஸ்டுங்கிற பேச்சே பெரும்பாலும் இருக்காது. மொத்த மார்க்கும் நாலஞ்சு எக்ஸாம்லயும் ஃபைனல்லயும்தான் நிக்கும். சிலபஸை முன்னாடியே பாக்கலாம், 2009ல போட்ட சட்டப்படி அரசு காலேஜ்கள் ஒவ்வொரு கோர்ஸ் சிலபஸையும் தங்களோட சைட்ல ஹோம் பேஜ்லேர்ந்து மூணு கிளிக்குக்குள்ள வச்சிருக்கணும், அதுல எக்ஸாமுக்கு எத்தனை பர்சன்ட், லேட் ஹோம்வொர்க் வாங்குவாங்களான்னு பாருங்க.

இந்த மார்க் அழியாது. பதினாறு வயசுல வாங்கின சி, டி எல்லாம் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல ஆயுசுக்கும் இருக்கும். டாக்டராகணும்னு கனவு இருக்கிற வீடுகள் இதை நல்லா கேட்டுக்குங்க, மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன்ல டூயல் கிரெடிட் மார்க்கும் ஜிபிஏல, அதாவது சராசரி மார்க்ல, சேரும், டெக்ஸஸ் அப்ளிகேஷன் சிஸ்டமும் சரி, நேஷனல் சிஸ்டமும் சரி. பிள்ளை தடுமாறுதுன்னு தெரிஞ்சா சென்சஸ் டேட்டுக்குள்ள (காலேஜ் பிள்ளைங்களை அதிகாரபூர்வமா எண்ற நாள்) வெளிய வந்துடணும், 16 வாரக் கோர்ஸ்ல அது காலேஜ்ல கிளாஸ் நடக்கிற 12வது நாள், அதுக்குள்ள டிராப் பண்ணினா ரெக்கார்டுலயே ஏறாது. அதுக்கப்புறம்னா டபிள்யூனு, அதாவது பாதில விலகிட்டாங்கன்னு, விழும். டெக்ஸஸ்ல டிகிரி முடிக்கிறதுக்குள்ள ஆறு டிராப்தான்னு ஒரு லிமிட் இருக்கு, ஹைஸ்கூல்ல பண்ணினது அந்த ஆறுல சேராது, ஆனா பின்னாடி ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ் எடுத்த அவர் எத்தனை, முடிச்ச அவர் எத்தனைன்னு பாக்கும்போது டபிள்யூ இடிக்கலாம்.

அப்பா அம்மாவுக்கு இன்னொரு விஷயம். காலேஜ் ரெக்கார்டை பொறுத்தவரைக்கும் உரிமை பிள்ளையோடது, வயசு பதினெட்டு ஆகலன்னாலும் ஃபெடரல் சட்டம் அப்படித்தான் சொல்லுது. நீங்க புரொஃபசருக்கு மெயில் போட்டா பதில் வராம போகலாம், அது திமிர் இல்ல, சட்டம். காலேஜ்ல ஒரு சம்மத ஃபார்ம் இருக்கும், பிள்ளை அதுல கையெழுத்து போட்டா உங்ககிட்ட பேசுவாங்க. ஸ்கூலுக்கு காலேஜ் அனுப்புற மார்க்கை ஸ்கூல்லேர்ந்து நீங்க கேட்டுப் பாக்கலாம். பிள்ளைக்கு காலேஜ் ஒரு தனி ஈமெயில் ஐடி குடுக்கும், டிராப் டெட்லைன், எக்ஸாம் ரூம் மாத்தினது எல்லாமே அதுக்குத்தான் வரும், பிள்ளைங்க அதை திறந்தே பாக்காது. முதல் நாளே ஃபோன்ல ஏத்தி விட்டுடுங்க.

டூயல் கிரெடிட் பயமா இருக்குன்னா வேற ரெண்டு வழி இருக்கு. யூடி ஆஸ்டின் நடத்துற ஆன்ராம்ப்ஸ் உங்க ஸ்கூல்ல இருக்கான்னு கேளுங்க, அதுல ஸ்கூல் மார்க் தனி, யுனிவர்சிட்டி மார்க் தனி, கடைசில யுனிவர்சிட்டி மார்க்கைப் பார்த்துட்டு கிரெடிட் வேணுமா வேண்டாமான்னு பிள்ளையே முடிவு பண்ணலாம். இன்னொண்ணு கிளெப் எக்ஸாம், கிளாஸ் போகாம ஒரே டெஸ்ட் எழுதி கிரெடிட் வாங்குறது, காலேஜ் அல்ஜீப்ராவுக்கு 90 நிமிஷம், 50 வாங்கினா நிறைய காலேஜ் 3 கிரெடிட் குடுக்கும், டிரான்ஸ்கிரிப்ட்ல மார்க் விழாது, கிரெடிட் மட்டும்தான். மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு அமைப்பு ஆன்லைன்ல கோர்ஸ் முடிச்சா கிளெப் எக்ஸாமுக்கு ஃப்ரீ வவுச்சர் குடுக்குது. சொந்தமா படிக்கிற பிள்ளைக்கு இது அருமையான வழி.

எல்லாம் முடிச்சு பாஸும் ஆன பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கு. ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்ல காலேஜ் அல்ஜீப்ரான்னு போட்டிருக்கிறதை வச்சு யுனிவர்சிட்டி கிரெடிட் குடுக்காது. கோர்ஸ் நடத்தின கம்யூனிட்டி காலேஜ்லேர்ந்து அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட் தனியா ரிக்வெஸ்ட் பண்ணி அனுப்பணும், அதுவும் கடைசி செமஸ்டர் மார்க் ஏறினதுக்கு அப்புறம். யுனிவர்சிட்டி ஓரியன்டேஷனுக்கு முன்னாடி அது போய்ச் சேர்ந்திருக்கணும், இல்லன்னா அட்வைசர் கைல கிரெடிட் தெரியாது, முடிச்ச பாடத்தையே திரும்ப எழுதிக் குடுத்துடுவாங்க.