மின்சார ‘பேங்கிங்’

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காத்தாடி (காற்றாலை) வைத்திருப்பவர் “பேங்கிங்” என்றால் பணத்தைச் சொல்லவில்லை, யூனிட்டைச் சொல்கிறார்.

கணவாயில் காற்று வீசுவது பெரும்பாலும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. அவருடைய நூற்பாலையோ வருஷம் முழுக்க ஓடும். சீசனில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் விட்டுவிடுவார். வாரியம் அதை அவர் பெயரில் வரவு வைத்து, கட்டணமும் பிடித்துக்கொண்டு, பிறகு ஆலையின் பயன்பாட்டில் கழிக்கும். இதுதான் பேங்கிங்.

பேங்க் என்ற சொல், காசு மாற்றுவோர் உட்கார்ந்த பலகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. மின்துறை அதை இரவல் வாங்கிக்கொண்டது.

தமிழில் ‘மின் சேமிப்பு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எதுவும் சேமிக்கப்படுவதில்லை, ஆடியில் வந்த மின்சாரம் ஆடியிலேயே செலவாகிவிடும், மிஞ்சுவது கணக்கு மட்டும். சேமிப்பு என்ற சொல் பேட்டரிக்கு வேண்டும். ‘மின் வரவுவைப்பு’ சரியாக இருக்கும். இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் ஒன்று 221ஆம் குறளில் இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. ஈ.பி. விண்ணப்பத்தில் எழுதினால் சிரிப்பார்கள், அது வேறு.

சிக்கலும் அந்த ‘அதே அளவில்’தான். மின்சந்தையில் 15 நிமிடத்துக்கு ஒரு விலை. காற்று கொட்டும் ஆடி நள்ளிரவில் வாங்கிய யூனிட்டை, தட்டுப்பாடான கோடைச் சாயங்காலத்தில் திருப்பித் தருவது வாரியத்துக்கு நஷ்டம். அதனால் வரவை வைத்திருக்கும் கால அளவைச் சுருக்கப் பார்க்கிறது. 2022இல் வந்த மத்திய அரசின் பசுமை மின்சார விதிகள், குறைந்தது மாதக் கணக்கிலாவது, அதாவது ஒரு மாத வரவை அந்த மாதத்துக்குள் கழிக்கும்படியாவது, பேங்கிங் தர வேண்டும் என்கின்றன. ஆனால் மாதக் கணக்கு மட்டும் என்றால் ஆடிக் காற்று மாசி மாதத்து ஆலைக்கு உதவாது. அப்புறம் புதுக் காத்தாடிக்கு யார் முதல் போடுவார்கள்? கடன் கொடுப்பவரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரள மின்வாரியம் கோடையில் வெளிமாநிலங்களிடம் மின்சாரம் வாங்கி மழைக்காலத்தில் மின்சாரமாகவே திருப்பித் தருவதுண்டு. அதை ‘ஸ்வாப்’ என்கிறார்கள். நம் ‘கைமாற்று’ போதும். இப்படிக் கொண்டுவரக் கம்பியும் வேண்டுமே. 2021இல் திறந்த புகளூர்–திருச்சூர் நேர்மின் (டி.சி.) பாதை 2000 மெகாவாட் தாங்கும்.