மழை வந்தால் பூட்டிக்கொள்ளும் பெட்டி

"ஏம்ப்பா, பூட்டே வைக்காத பெட்டிக்கு எப்படிப்பா பூட்டு விழுந்துச்சு?"

ஏற்காட்டிலிருந்து அந்த அம்மா போன் செய்தது ஒரு நவம்பர் மாதம். ஏப்ரலில்தான் அவருக்கு ஒரு மருந்துப் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, திப்பிலி, கடுக்காய், வசம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராயர் வைத்துச் சுவர் மாதிரி நிற்குமே, அதன் சின்ன வடிவம். இரண்டரை அடி உயரம். நாலு வரிசை, ஆறு அடுக்கு, மொத்தம் 24 டிராயர். நல்ல தேக்கு, புறா வால் மாதிரி வெட்டிக் கோக்கும் டவ்டெயில் இணைப்பு, பித்தளைக் குமிழ். சேலத்தில் என் பட்டறையில் ஒற்றை விரலால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வந்தது. அதை வீடியோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், 24-இல் 19 அசையவே இல்லை.

மரத்தின் மேல் குற்றமில்லை, கணக்குப் போடாத என் மேல்தான். அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். சேலம் ஏப்ரல் வெயிலில் மரத்தின் ஈரத்தை அளக்கும் என் ஈரமானியில் அந்தத் தேக்கு 9 சதவீதம் காட்டியது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும். அங்கே அதே மரம் 14 காட்டியது.

இந்த 5 சதவீதம் என்ன செய்யும்? மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்குவாக்கில்தான் உப்பும். டிராயரின் பக்கப் பலகையில் ரேகை, அதாவது மரத்தின் நீளவாக்கு இழை, முன்னிருந்து பின்னாக ஓடுகிறது, அதனால் டிராயர் உயரத்தில் வளர்கிறது. 4 அங்குல டிராயர், தேக்காக இருந்தாலும், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கூடும். ஆனால் பெட்டியின் பக்கப் பலகையில் ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது. டிராயர் நுழையும் வாயின் உயரம் மாறவே மாறாது. வளர்கிற பிள்ளைக்கு வளராத சட்டை. நான் விட்டிருந்த இடைவெளி அரை மில்லி.

இப்போதெல்லாம் ஏ.டி.எம். கார்டை வைத்துத்தான் அளக்கிறேன். ஒரு கார்டின் கனம் முக்கால் மில்லி. மழைக்காலத்தில் செய்யும் 4 அங்குல டிராயருக்கு மேலே ஒரு கார்டு நுழைந்தால் போதும். கோடையில் செய்து மலைக்கு அனுப்புவதாக இருந்தால் இரண்டு கார்டு சேர்ந்து நுழைய வேண்டும். டிராயர் உயரம் கூடக் கூட இடைவெளியும் கூட வேண்டும். பெட்டி வாங்க வருபவர்கள் இடைவெளியைப் பார்த்து "என்னங்க இது, லூசா இருக்கே" என்று முகம் சுளிப்பார்கள். விளக்கிச் சொல்லுவேன். பாதிப் பேர் நம்புவார்கள்.

செய்யக் கொடுப்பவர்கள் ஆசாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை நாளில் தருவீங்க" என்பதல்ல. மரம் எவ்வளவு நாள் காய்ந்தது, ஈரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஈரமானியை மேற்பரப்பில் குத்திக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக அறுத்த முகத்தில் குத்தச் சொல்லுங்கள். வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கிற பலகைகள் நிறைய. முடிந்தால் அறுத்த பலகைகளைப் பெட்டி நிற்கப்போகிற வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். அப்புறம், வைரத்தை, அதாவது நடுமரத்தை, ஒட்டி வரும் வெளிர் நிற வெளிமரத்தை டிராயரில் சேர்க்க விடாதீர்கள். அதில்தான் வண்டு முதலில் விழும், மாவு மாதிரி தூள் கொட்டும்.

ஏற்காட்டுக்காரர்கள் சிலர், தோட்டத்தில் காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கிலேயே செய்யலாமே என்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது தேக்கைவிட அதிகம் அசையும், இடைவெளியும் அதற்கேற்ப வேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். எந்த மரத்தூளாக இருந்தாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பட்டறையில் இதைச் சொன்னால் இன்னமும் சிரிக்கிறார்கள்.

சரி, சிக்கிக்கொண்ட டிராயரை என்ன செய்வது? குமிழைப் பிடித்து முழு பலத்தோடு இழுக்காதீர்கள், முன்பலகை கையோடு வந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து இன்னும் மோசமாகும். அன்று நான் பின்பலகையின் திருகுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக உள்ளங்கையால் முன்னுக்குத் தள்ளினேன். அடியில் பென்சிலால் எண் போட்டேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. அங்கேயே இழைத்துவிடவில்லை. ஈரத்தில் உப்பியிருக்கும்போது சரியாக ஓடும் வரை இழைத்தால் கோடையில் கடகடவென்று ஆடும். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசை மேல் பரப்பி வைத்துவிட்டு வந்தேன். பிப்ரவரியில் போய் மேல் விளிம்பில் ஒரு மில்லி இழைத்து, ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மாட்டினேன். மூன்று மாதம் அந்த வீட்டில் எல்லோரும் தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

17-ஆம் எண் மட்டும் அடுத்த மழைக்கும் இறுகியது. இன்னும் கொஞ்சம் இழைத்துத் தருகிறேன் என்றேன்.

"அது அப்படியே இருக்கட்டும்ப்பா. பேரனுக்குத் தெரியாம கடலை மிட்டாய் அதுலதான் வெச்சிருக்கேன்."