சிக்னல் இல்லாத காட்டுப் பாதையிலும் டிக்கெட் எடுக்கும் கைத்தொலைபேசி

மாங்குளத்தில் முல்லைத்தீவு பஸ் ஏறும்போது 500 ரூபாய்த் தாளை நீட்டிப் பாருங்கள். மிச்சக்காசை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தந்துவிட்டு நடத்துநர் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். ஒட்டுசுட்டானில் இறங்கும் அவசரத்தில் அது மறந்தே போகும். கைத்தொலைபேசியைக் கருவியில் காட்டிக் கட்டணம் செலுத்தலாம் என்று சொன்னால், "நடுக்காட்டில் சிக்னல் போய்விட்டால்?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். மிகச் சரியான கேள்வி அது.

கட்டணக் கருவிக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் விநாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அலைகிறது. தொலைபேசியின் உள்ளேயும் ஒரு சுருள் உண்டு. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால், அருகே வரும் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களே இரண்டுக்கும் மொழி. சில சென்ரிமீற்றர் விலகினாலே பேச்சு அறுந்துவிடும். இந்தப் பேச்சுக்குக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

பேசப்படுவது உங்கள் வங்கி அட்டை இலக்கம் அல்ல. அட்டையைத் தொலைபேசியில் பதியும்போதே அதற்குப் பதிலாக வேறோர் இலக்கம் வழங்கப்பட்டுவிடுகிறது. கூடவே ஓர் இரகசியச் சாவியும், அதாவது வெளியே தெரியாத ஒரு நீண்ட எண்ணும், வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் கருவி தரும் எண்ணையும் தொகையையும் அந்தச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு, தொலைபேசி ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. நேற்றைய பஸ் டிக்கெட்டைப் போல அது மறுபடி செல்லாது; திருடியவனுக்கும் பயன்படாது. கணக்கு முழுவதும் தொலைபேசிக்குள்ளேயே நடப்பதால் அந்த நேரத்தில் சிக்னல் தேவையில்லை. ஐபோனில் சாவி தனிச் சிப்பில் இருக்கிறது. அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் பலவற்றில் சில கொடுப்பனவுகளுக்கான சாவிகள் முன்கூட்டியே இறக்கிவைக்கப்படுகின்றன. அவை தீர்ந்தால் இணையத்தைத் தொட்டாக வேண்டும்.

கடைகளில் ஒட்டியிருக்கும், தொலைபேசிக் கமராவால் படித்துப் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் குறியீடு இதற்கு நேர்மாறு. கடைக்காரருக்கு ஒரு தாள் போதும். வாங்குபவருக்குத்தான் இணையம் வேண்டும். கடைக்கு அது மலிவு, நல்லது. ஓடும் பஸ்ஸுக்கு அது ஒத்துவராது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கருவிக்குச் சிக்னல் வேண்டாமா? 2012 டிசம்பரில் இருந்து இலண்டன் பஸ்களில் வங்கி அட்டையைக் காட்டிப் பயணிக்கிறார்கள். கருவி ஆளை உடனே ஏற்றிக்கொள்கிறது, கணக்கைப் பின்னர் தீர்க்கிறது. பணம் தேறாத அட்டை தடைப்பட்டியலில் சேர்ந்துவிடும்; நட்டம் ஒரு பயணக் கட்டணம்தான். எங்கள் பாதைக்கும் இந்த வகைக் கருவிதான் வேண்டும். ஒட்டுசுட்டான் காட்டில் வாங்கிய குறியீடுகளை வைத்திருந்து, முல்லைத்தீவை எட்டியதும் அனுப்பினால் போதும்.