வாரக் கணக்கில் ஓடும் தைராய்டு

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் முர்ரே, முகம் ஊதி, பேச்சு இழுத்து, எந்நேரமும் குளிரில் ஒடுங்கிக் கிடந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். சில மாதங்களில் அவர் எழுந்து நடமாடத் தொடங்கினார். பிறகு அதே சாற்றைக் குடித்தபடி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டது.

இன்று அந்த இடத்தில் இருப்பது தைராக்சின் மாத்திரை. தைராய்டு முற்றிலும் நின்றுபோன ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் போதும். ஆண்டுக்கு 36.5 மில்லிகிராம். அப்படியென்றால் ஒரே ஒரு கிராம் தைராக்சின் ஒரு மனிதருக்கு 27 ஆண்டுகள் வரும். இவ்வளவு சொற்பமான பொருள் மூளை முதல் குடல் வரை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் ஆட்டிவைக்கிறது. இந்த மெதுவைப் புரிந்துகொள்ளாமல்தான் தைராய்டு சிகிச்சையில் பாதிக் குழப்பங்கள் வருகின்றன.

கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றே நிமிர்த்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குரல்வளை மேடு ஏறி இறங்குகிறதல்லவா? அதற்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறம் ஒட்டிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருப்பது தைராய்டு. எடை 15 முதல் 20 கிராம். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. விழுங்கும்போது அந்த இடத்தில் ஒரு புடைப்பு மேலும் கீழும் போய்வந்தால் அது தைராய்டு வீக்கமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுரப்பிக்குள் ஆயிரக்கணக்கான நுண்பைகள். ஒவ்வொரு பையின் சுவரும் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. நடுவே பிசின் போன்ற கூழ். ரத்தத்தில் ஓடும் அயோடினை இந்தச் செல்கள் பிடித்திழுத்து, ரத்தத்தில் இருப்பதைப்போல் 20 முதல் 40 மடங்கு செறிவில் சேர்த்து வைக்கின்றன. கூழில் இருக்கும் தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தின்மேல் அந்த அயோடின் ஒட்டவைக்கப்படுகிறது. ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிக்குத் தைராய்டு பெராக்சிடேஸ் என்று பெயர். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும். நான்கு அயோடின் அணுக்கள் சேர்ந்தால் டி4, அதாவது தைராக்சின். மூன்று சேர்ந்தால் டி3. இப்படிச் செய்துவைத்த சரக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குத் தாங்கும். வேறு எந்த நாளமில்லாச் சுரப்பியும் இவ்வளவு நாளுக்குச் சேமித்து வைப்பதில்லை.

சுரப்பி வெளியே அனுப்புவதில் பெரும்பகுதி டி4. ரத்தத்தில் அதன் 99.9 சதவீதத்துக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. ஒட்டாமல் தனித்திருக்கும் துளி மட்டுமே செல்லுக்குள் நுழைய முடியும். பரிசோதனைச் சீட்டில் 'ஃப்ரீ டி4' என்று வருவது அதுதான். கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற இடங்களில் செலீனியம் கலந்த நொதிகள் டி4-இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகின்றன. உண்மையில் வேலை செய்வது இந்த டி3. அது செல்லின் உட்கருவுக்குள் போய், டிஎன்ஏ மேல் காத்திருக்கும் ஏற்பியில் அமர்ந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகிறது. மரபணு மாறி, புதுப் புரதம் உண்டாகி, அதன் பலன் உடம்பில் தெரிய நாட்கள் பிடிக்கும். தலைவலி மாத்திரைபோல அரை மணியில் எதுவும் நடக்காது.

இந்த ஹார்மோனின் வல்லமைக்கு 1912-இல் குடெர்நாட்ச் என்ற ஆய்வாளர் செய்த சோதனை நல்ல சாட்சி. தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் திசுவை உணவாகக் கொடுத்தார். அவை வளர்ந்து பெரிதாகும் முன்பே கால் முளைத்து, வால் சுருங்கி, குட்டியோ குட்டித் தவளைகளாகிவிட்டன. மனிதக் குழந்தையிலும் மூளை நரம்புகளின் உறை உருவாவதும் எலும்பு முதிர்வதும் இதே ஹார்மோனை நம்பித்தான் இருக்கின்றன.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன

ஹார்மோன் குறையும்போது செல்கள் எரிபொருளை மெதுவாக எரிக்கின்றன, உடல் வெப்பம் குறைகிறது; பக்கத்தில் இருப்பவர் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது இவர் போர்வையைத் தேடுவார். இதயத் துடிப்பு தணியும். குடல் அசைவு குறைந்து மலச்சிக்கல் வரும். ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் குறைந்துபோவதால் கொலஸ்ட்ரால் ஏறும். கொலஸ்ட்ரால் திடீரென்று கூடியவருக்கு முதலில் தைராய்டைப் பார்ப்பது இதனால்தான். முகமும் இமையும் ஊதுவது வெறும் நீர்க்கோவை அல்ல. தோலுக்கடியில் ஹயலூரானிக் அமிலம் சேர்ந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் விரலால் அழுத்தினாலும் குழி விழாது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு கூடும், அல்லது மாதவிலக்கு தள்ளிப் போகும். முட்டி போடவைத்துக் குதிகாலின் தசைநாணைச் சிறு சுத்தியால் தட்டினால் பாதம் சட்டென்று அசைந்து, திரும்பி வரும்போது மட்டும் தயங்கித் தயங்கி வரும். ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் மருத்துவர்கள் இதைப் பார்த்தே நோயைச் சொன்னார்கள்.

உடல் எடையைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். 20 கிலோ கூடியிருந்தால் பழியைத் தைராய்டின்மேல் போட்டுவிட்டு மாத்திரையைக் கூட்டிக் கேட்பது தவறு, ஆபத்தும்கூட.

அயோடின் போதுமான இடங்களில் இந்தக் குறைபாட்டுக்கு முதற்காரணம் ஹாஷிமோட்டோ நோய். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. முன்பு சொன்ன பெராக்சிடேஸ் நொதிக்கு எதிரான 'ஆன்டி டிபிஓ' என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

கிரேவ்ஸ் நோயில் கதை தலைகீழ். எதிர்ப்புப் புரதம் சுரப்பியை அழிப்பதற்குப் பதில் விடாமல் முடுக்கிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, சிலருக்குக் கண் பிதுங்குதல் என்று வரும். கார்பிமசோல் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்றும் இதற்குச் சிகிச்சை. கார்பிமசோல் சாப்பிடுபவர் மறக்கக் கூடாதது ஒன்று: காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அபூர்வமாக அந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். அப்போது சாதாரணத் தொற்றும் உயிரை எடுக்கும்.

'தைராய்டு கூடியிருக்கு' என்றால்

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளைதான் டிஎஸ்எச். ஹார்மோன் குறைந்தால் கட்டளை உரக்க வரும், கூடினால் அடங்கும். ஆகவே சீட்டில் டிஎஸ்எச் 12 என்று பார்த்துவிட்டு 'தைராய்டு கூடியிருக்கு' என்று வீட்டில் சொல்வது நேர் எதிரான பொருள் தருகிறது. கூடியிருப்பது கட்டளை, குறைந்திருப்பது ஹார்மோன். இந்தக் குழப்பத்தில் மாத்திரையைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

டிஎஸ்எச் மிகக் கூர்மையான அளவுகோல். ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் ஏறத்தாழ 100 மடங்கு ஏறும். அதனால் டி4 அளவு இன்னும் எல்லைக்குள் இருக்கும்போதே டிஎஸ்எச் உயர்ந்துபோய் நிற்கும். பெரியவர்களுக்குப் பொதுவான எல்லை 0.4 முதல் 4 வரை. வயது ஏற ஏற மேல் எல்லையும் சற்று ஏறும். டிஎஸ்எச் 4-க்கும் 10-க்கும் நடுவில், டி4 சரியாக இருந்தால், அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். கருவுற்றவர்களுக்கும் கருத்தரிக்க முயல்பவர்களுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது.

மாத்திரை தொடங்கிய பிறகோ அளவை மாற்றிய பிறகோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். டி4-இன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏழு நாள். புது அளவுக்கு ரத்தம் நிலைகொள்ள ஐந்து அரை ஆயுள், அதாவது 35 நாள் வேண்டும். பிட்யூட்டரி சுதாரித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம். பதினைந்து நாளில் பார்த்துவிட்டு அளவை மாற்றினால், போன மாற்றத்தின் பலன் வந்துசேரும் முன்பே அடுத்ததைச் செய்கிறோம். எண் ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் போய் ஆளையே அலைக்கழிக்கும்.

ரத்தம் கொடுக்கும் அன்று, மாத்திரை சாப்பிடும் முன் கொடுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 ஏறிக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது, ஏனெனில் டிஎஸ்எச் இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழும். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஆய்வகக் கருவியை அது ஏமாற்றி, இல்லாத ஹைப்பர்தைராய்டை, அதாவது ஹார்மோன் மிகுதியை, காட்டிவிடும்.

காலையில் அந்த ஒரு மாத்திரை

முழு அளவு தேவைப்படும் பெரியவருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு: 60 கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் வரும். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் இதயத்தின் ஆக்சிஜன் தேவை கூடி நெஞ்சுவலி வரலாம்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். இந்த 'எதுவும்' என்பதில் ஃபில்டர் காபியும் அடங்கும். மாத்திரையை வாயில் போட்டுக் காபியால் விழுங்குபவர்களுக்கு, குடல் உறிஞ்சும் அளவு கணிசமாகக் குறையும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக் கட்டிவிடும்; நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். அளவு சரியாக இருந்தும் டிஎஸ்எச் இறங்காதவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான். காலை ஒத்துவராதவர்கள், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தைராக்சினுக்கு வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் ஆகாது. சித்திரை வெயிலில் அடுப்படி அலமாரியில் இருக்கும் டப்பா நல்ல இடம் அல்ல. வாரத்துக்கான மாத்திரைகளைச் சிறு டப்பியில் பிரித்துவைப்பதை விட, வந்த புட்டியிலேயே இறுக மூடி வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம்; ஏழு நாள் அரை ஆயுள் இருக்கும்போது ஒருநாள் விடுபட்டதில் எதுவும் கவிழ்ந்துவிடாது. நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினாலும் முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்றும் இடம். சரக்கு மெல்லத் தீர்ந்து, இரண்டாம் மாதம் மறுபடி முகம் ஊதும்.

முட்டைக்கோஸையும் மரவள்ளிக் கிழங்கையும் கண்டு பயப்பட வேண்டாம். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால், அயோடின் போதுமான உடம்பில் அவை சுரப்பியைக் கெடுப்பதில்லை.

உப்பு

பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கருவுற்றவருக்கு 250. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமி குழுவினர் நடத்திய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. இப்போதைய விதிப்படி உப்பு நம் கைக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடினாவது இருக்க வேண்டும்.

தூத்துக்குடி உப்பளங்களை வைத்திருக்கும் தமிழ்நாட்டில்தான், 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவாக இருந்தது: 61.9 சதவீதம். கையில் அள்ளிப்போடும் கல்லுப்புப் பழக்கம் இதற்கொரு காரணம். கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. உறையைப் பார்த்து வாங்க வேண்டும். இந்துப்பில் அயோடின் மிகச் சொற்பம். எந்த உப்பானாலும் மூடிய ஜாடியில் வைத்து, குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் போட்டால் அயோடின் வீணாவது குறையும்.

காத்திருக்கக் கூடாத ஒரே இடம்

கருவின் தைராய்டு 12 வாரத்துக்குப் பிறகே ஹார்மோன் செய்யத் தொடங்குகிறது. அதுவரை மூளை வளர்வது தாயின் தைராக்சினில். ஆகவே ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பெண், கரு உறுதியானதும் வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதல். பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச்.

பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தை, பிறந்தவுடன் பெரும்பாலும் நலமாகவே தோன்றும். தாயின் ஹார்மோன் சில வாரம் அதன் ரத்தத்தில் ஓடும். அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும், பின்னால் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. பிறந்த 48 முதல் 72 மணி நேரத்தில் குதிகாலில் ஒரு குத்து, வடிதாளில் சில சொட்டு ரத்தம்: இவ்வளவுதான் பரிசோதனை. குறை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். கிலோக் கணக்கில் பார்த்தால் பெரியவர்களைவிட ஆறு மடங்குக்கும் மேல். மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து, உடனே கன்னத்தின் உட்புறமாகப் புகட்டுவார்கள். பால் புட்டி முழுவதிலும் கலக்கக் கூடாது. குழந்தை பாதியில் தூங்கிவிட்டால் மருந்தும் பாதி புட்டியிலேயே தங்கிவிடும்.