வியர்ட்: மேலைவள மாதிரி

உளவியல் ஆய்வுகளைப் படிப்பவர்கள் 'வியர்ட்' (WEIRD) என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. அகராதி 'விசித்திரமான' என்று பொருள் சொல்லும். அதை நம்பி 'விசித்திர மக்கள்' என்று எழுதினால் பிழை.

இது ஒரு முதலெழுத்துச் சுருக்கம். வெஸ்டர்ன், எஜுகேட்டட், இண்டஸ்ட்ரியலைஸ்டு, ரிச், டெமாக்ரடிக்: மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, செல்வம் மிகுந்த, மக்களாட்சி நடக்கும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் ஆகிய மூவரும் 2010இல் எழுதிய கட்டுரையால் இச்சுருக்கம் பரவியது. உளவியல் ஆய்வுகள் பெரும்பாலும் இவர்களை மட்டுமே சோதித்துவிட்டு, முடிவை மனிதர் எல்லாருக்கும் பொதுவாக்குகின்றன என்பது அவர்கள் வாதம். 'விசித்திரமான' என்று பொருள்படும் 'வியர்ட்' வேறு கதை: பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ஊழ் என்று பொருள். 'ஆகுதல்' என்பதே அதன் வேர்க்கருத்து. நம் 'ஆகூழ்' நினைவுக்கு வருகிறது. அமானுஷ்யம், விசித்திரம் என்ற பொருள்கள் பின்னால் வந்து ஒட்டியவை.

சொல்லின் தேவை ஹென்ரிக் முன்பே செய்த ஓர் ஆய்வில் தெரியும். ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, இன்னொருவருக்குப் பங்கு தரச் சொல்வார்கள். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் சராசரியாக 48 சதவீதம் தர முன்வந்தார்கள். பெரு நாட்டுக் காடுகளில் வாழும் மச்சிகெங்கா மக்கள் முன்வந்தது 26 சதவீதம். அதையும் பெரும்பாலும் யாரும் மறுக்கவில்லை. மாணவர்களை மட்டும் பார்த்திருந்தால், 'மனித இயல்பு சரிபாதி' என்று பாடநூலில் ஏறியிருக்கும்.

ஆனால் இச்சொல்லை முத்திரையாகக் குத்திவிட்டுப் போவதும் தவறு. பல ஆய்வாளர்கள் சேர்ந்து, திறந்த அறிவியல் முறைப்படி, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிந்து, தரவுகளைப் பொதுவில் வைத்து, 36 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 28 பழைய ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள்; முடிவு 2018இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதிதான் தேறியது, அதாவது பழைய முடிவே மீண்டும் கிடைத்தது. தேறாதவற்றில் பல, ஏறக்குறைய எல்லா இடங்களிலும் தேறவில்லை. அவற்றுக்குப் பண்பாட்டு வேறுபாட்டை முக்கியக் காரணமாகக் காட்ட வழியில்லை. எனவே வேறுபாடு உண்டா என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்தே சொல்ல வேண்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ஆங்கிலச் சிலேடை தமிழில் வராது, வர வேண்டியதுமில்லை. ஆய்வுக்குத் திரட்டிய ஆட்களின் தொகுதியை 'மாதிரி' என்பார்கள். 'ஒருசார் மாதிரி' என்றால், ஆட்களைத் திரட்டுவதில் நேரும் எல்லாப் பிழைக்கும் பொருந்திவிடும். 'மேலைவள மாதிரி' என்பதே என் தேர்வு. மேற்கு இருக்கிறது, கல்வி, தொழில், செல்வம் மூன்றும் வளத்தில் அடங்குகின்றன. மக்களாட்சி விடுபடுகிறது, உண்மைதான். ஆனாலும் குறை மக்களிடம் இல்லை, ஆய்வாளர் ஆட்களைத் திரட்டிய விதத்தில் இருக்கிறது என்பதை 'மாதிரி' என்ற சொல் காட்டிவிடுகிறது.

எடுத்துக்காட்டு: 'இம்முடிவு மேலைவள மாதிரியில் கிடைத்தது; பிற சமூகங்களில் இன்னும் சோதிக்கப்படவில்லை.'