நிலநடுக்கத்துக்கு எத்தனாம் நம்பர் கூண்டு?

"டீச்சர், நிலநடுக்கம் வந்தா எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்துவாங்க?"

பாம்பன் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். இதைக் கேட்டவன் ஒன்றாம் வகுப்புப் பையன். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு அவனுக்கு நன்றாகத் தெரியும். கூண்டு ஏறினால் அப்பா கடலுக்குப் போகமாட்டார். ஆபத்து என்றாலே அவன் மனதில் அந்தக் கூண்டுதான். நிலநடுக்கம் என்ற புதுச் சொல்லையும் கொண்டுபோய் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டான்.

பிள்ளைகள் சொல் கற்பது இப்படித்தான். 1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற ஆய்வாளர்கள் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தட்டு நீலம், இன்னொன்று மங்கிய பச்சை. "நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா" என்றார்கள். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் அந்தப் பொருளில் கேட்டதே இல்லை. ஆனாலும் சரியான தட்டை எடுத்து வந்தார்கள். பல நாள் கழித்தும் அது ஏதோ ஒரு நிறம் என்ற அளவில் பலருக்கு நினைவு இருந்தது. ஒருமுறை காதில் விழுந்த சொல்லுக்கு மனம் சட்டென்று ஓர் இடம் ஒதுக்கிவிடுகிறது. பொருள் நிரம்பத்தான் நாளாகும். அந்த இடைவெளியில் தப்பான பொருள் வந்து உட்கார்ந்துகொண்டால் கிளப்புவது கஷ்டம்.

எரிமலை என்ற சொல்லையே பாருங்கள். தன் பொருளைத் தானே சொல்லுகிற அழகான சொல். ஆனால் அங்கே விறகு எரிவதுபோல எதுவும் எரிவதில்லை. பாறை உருகி வெளியே வருகிறது. 700 முதல் 1,200 டிகிரி வரை சூடாக இருப்பதால் தீயாக ஒளிர்கிறது, அவ்வளவுதான். "எரி" பாதி தப்பு என்றால் "மலை" எங்கள் ஊரில் முழுச் சிக்கல். இந்தக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் உடைமரமும் பனையும்தான். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம்; அது ஒரு மணல்மேடு. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் எரிமலை என்றால் மணல்மேட்டில் தீப்பிடித்ததாகத்தான் நினைக்கும்.

அதனால் நான் மலையில் தொடங்குவதில்லை, கோலி சோடாவில் தொடங்குகிறேன். மூடிய பாட்டிலைக் கையில் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொல்வேன். உள்ளே ஒரு குமிழிகூட இருக்காது. கோலியைத் தட்டினால் புஸ்ஸென்று நுரை பொங்கும். வாயு எங்கிருந்தோ வரவில்லை, அழுத்தத்தில் கரைந்து உள்ளேயே இருந்தது. அழுத்தம் போனதும் வெளியே ஓடுகிறது. பூமிக்கு அடியில் உருகிய பாறையிலும் நீராவியும் கரியமில வாயுவும் இப்படித்தான் கரைந்திருக்கின்றன. அது மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், வாயு பிரியும், வெடிக்கும். உள்ளே இருக்கும்வரை பாறைக்குழம்பு, வெளியே வந்தால் எரிமலைக்குழம்பு என்ற இரண்டு பெயரும் அந்த ஒரு பாட்டிலோடு பிள்ளைகளுக்கு ஏறிவிடும். பள்ளிக் கண்காட்சிகளில் ஆப்பசோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவைக்கிற எரிமலையில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. இரண்டு பொருளைக் கலந்தால் எரிமலை வரும் என்ற எண்ணத்தைத்தான் அது விதைக்கிறது.

அந்த நுரை அப்படியே உறைந்து கல்லானால் அதுதான் நுரைக்கல். தண்ணீரில் மிதக்கும். உடனே எல்லாப் பிள்ளைகளும் சொல்வது, "ராமேஸ்வரத்துல தொட்டியில மிதக்குதே, அந்தக் கல்லா?" என்பதுதான். நல்ல கேள்வி. மிதக்கிற கல் எல்லாம் எரிமலைக் கல் அல்ல. உள்ளே காற்று அடைபட்ட சில பவளக்கற்களும் மிதக்கும். கல்லில் பூப்போல, நட்சத்திரம்போல ஒழுங்கான குழிகள் இருந்தால் அது பவளம், பவள உயிர் கட்டிய வீடு. ஒழுங்கில்லாமல் நுரைத்த ரொட்டிபோல இருந்தால் நுரைக்கல். இன்னொரு வழியும் உண்டு. பவளம் சுண்ணாம்புப் பொருள். வினிகர் பட்டால் சின்னக் குமிழிகள் வரும், நுரைக்கல்லில் வராது. பவளக்கல்லைக் கரையிலிருந்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதால், அதே பொருளாலான சிப்பியை இடித்துத் தூளாக்கி அதில் வினிகரை விட்டுக் காட்டுகிறேன். சின்னத் தலைகள் எல்லாம் தட்டின்மேல் கவிழ்ந்து, அந்தச் சிறு சலசலப்பைக் காதால் கேட்கும்.

நிலநடுக்கத்துக்கு ஈர்க்கு போதும். காய்ந்த ஈர்க்கை ஆளுக்கொன்று கொடுத்து மெதுவாக வளைக்கச் சொல்கிறேன். வளையும், வளையும், ஒன்றும் ஆகாது. திடீரென்று படக்கென ஒடியும். விரலில் ஓர் அதிர்வு சுரீரென்று ஏறும். அந்த அதிர்வுதான் நிலநடுக்கம். பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து, வருடத்துக்குச் சில சென்டிமீட்டர், நம் நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது. ஓரங்களில் ஒன்றோடொன்று சிக்கி, பாறை வளைந்து வளைந்து ஒருநாள் விட்டுக்கொடுக்கிறது. ஈர்க்கு எப்போது ஒடியும் என்று வளைக்கிற பிள்ளைக்கே தெரியாது. நிலநடுக்கத்துக்குக் கூண்டு கிடையாது என்பதை அந்தப் பையன் அப்போதுதான் ஏற்றுக்கொண்டான்.

"நம்ம ஊருல எரிமலை வருமா?" என்று அடுத்த பயம். வராது. நாம் இருப்பது தட்டின் நடுப்பகுதி. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. இங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அதற்கும் நமக்கும் உறவு உண்டு. நம்மைச் சுமக்கிற இந்தியத் தட்டின் கிழக்கு ஓரம் சுமத்ரா, அந்தமான் பக்கம் பூமிக்குள் சொருகுகிறது. கடல்நீரையும் தன்னோடு இழுத்துப் போகிறது. ஐஸில் உப்புப் போட்டால் சீக்கிரம் உருகும் என்று மீன்பெட்டி பார்த்த பிள்ளைக்குத் தெரியும். அதேபோல நீர் சேர்ந்தால் ஆழத்துச் சூட்டுப் பாறையும் எளிதில் உருகும். அப்படி உருகியதுதான் பாரன் தீவில் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று காலையில், நிலநடுக்க அளவையில் 9.1 என்ற வலிமையோடு ஆட்டம் கண்டு, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்ததும் இதே சொருகல்தான். அன்று இலங்கையின் மறைவில் இருந்ததால் எங்கள் கரை நாகப்பட்டினம்போல அழியவில்லை.

அந்த நாளைப் பற்றிப் பேசும்போது சிமலூ தீவைச் சொல்லாமல் விடமாட்டேன். சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும் தீவு. 1907இல் அங்கே பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, கதையிலும் தாலாட்டிலும் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பது முழுதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. 2004இல் சில நிமிடங்களில் அலை வந்தது. ஏறக்குறைய 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். நம்மிடம் கடற்கோள் என்ற பழைய சொல் இருக்கிறது. ஆழிப்பேரலை என்ற புதிய சொல்லும் இருக்கிறது. இரண்டிலும் 'ஓடு' என்பது இல்லை. அதை நாம்தான் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

சேர்க்கும்போது இங்கே ஒரு கவனம் தேவை. காற்று மாறும் காலங்களில் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் கடல் உள்வாங்குவது சாதாரணம். பிள்ளைகள் அந்த ஈரமணலில் விளையாடி வளர்ந்தவர்கள். அது மணிக்கணக்கில் மெல்ல வற்றும். பேரலைக்கு முன் வற்றுவது நிமிடக்கணக்கு. படகு தரைதட்டி, மீன் துள்ளிக் கிடக்கும். அதனால் "மெல்ல வத்துது", "திடீர்னு வத்துது" என்று இரண்டாகவே சொல்லப் பழக்கியிருக்கிறேன். இரண்டாவதைச் சொன்னால் பையைக்கூட எடுக்காமல் கரைக்கு எதிர்ப்பக்கம், பள்ளிக்கூட மாடிக்கு ஓட வேண்டும்.

போன வாரம் ஓடி முடித்து மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பையன் மறுபடி கேட்டான்: "நிலநடுக்கத்துக்குக் கூண்டு இல்ல, சரி. சுனாமிக்கு?" 2004இல் அலை தமிழ்நாட்டுக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்றும், அந்த நேரத்தில் தகவல் சொல்லத்தான் 2007 முதல் ஹைதராபாத்தில் ஓர் எச்சரிக்கை மையம் இயங்குகிறது என்றும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவுங்க யாருக்குப் போன் பண்ணுவாங்க?" என்றான். அதற்கான பாடம் அடுத்த திங்கட்கிழமை.